சராசரி சம்பளம் 7 லட்சமா? கல்லூரிப் புள்ளியியல் வகுப்பு கற்றுத்தரும் கேள்விகள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், ஊரெங்கும் கல்லூரி விளம்பரங்கள் முளைத்துவிடும். பஸ்ஸின் முதுகில், பேப்பரின் முதல் பக்கத்தில், நம் செல்போனில். அவற்றில் பெரிய எழுத்தில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள்: ‘எங்கள் மாணவர்கள் பெறும் சராசரி ஆண்டுச் சம்பளம் 7 லட்சம் ரூபாய்!’ வீட்டில் உடனே மனக்கணக்கு ஓடும். நான்கு வருட ஃபீஸ் இவ்வளவு, கல்விக்கடன் தவணை இவ்வளவு, 7 லட்சம் வந்தால் எப்படியும் சமாளித்துவிடலாம்...

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த வகுப்பில் 10 பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 9 பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம். ஒரே ஒருவருக்கு மட்டும் வெளிநாட்டு நிறுவனத்தில் 43 லட்சம். மொத்தம் 70 லட்சம். பத்தால் வகுத்தால் சராசரி 7 லட்சம்!

விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால், 7 லட்சம் வாங்குபவர் என்று அந்த வகுப்பில் ஒருவர்கூட இல்லை. பத்துப் பேரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்து, நடுவில் நிற்கும் இருவரைக் கேட்டால் இருவருமே ‘3 லட்சம்’ என்பார்கள். இதைத்தான் இடைநிலை அளவு, அதாவது மீடியன் என்கிறார்கள். நம் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று யோசிக்கும் பெற்றோருக்கு இந்த 3 லட்சம்தான் உபயோகமான எண். இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பில் மொத்தம் 60 பேர் என்றால், வேலை கிடைக்காத 50 பேர் அந்தச் சராசரியில் எங்கே போனார்கள்?

இந்த இரண்டு கேள்விகளும் கல்லூரியில் புள்ளியியல் பாடத்தின் ஆரம்ப வாரங்களிலேயே வந்துவிடும் விஷயங்கள்தான். ஆனால், அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவர்களில் பலருக்கும் விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்தக் கேள்விகள் தோன்றுவதில்லை. ஏன்?

யாருக்கெல்லாம் இந்தப் பாடம்?

புள்ளியியல் என்றால் பி.எஸ்ஸி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாணவர்களுக்கானது என்று நினைக்கிறோம். உண்மையில் பி.காம், பி.பி.ஏ, உளவியல், நர்சிங், வேளாண்மை, பயோடெக்னாலஜி, சமூகப்பணி, பொருளாதாரம் என்று கிட்டத்தட்ட எல்லாப் படிப்புகளிலும் ஏதோ ஒரு செமஸ்டரில் இது எட்டிப்பார்க்கும். ‘கணக்கு வராதுன்னுதானே இந்த குரூப்பை எடுத்தேன், இங்கேயும் வந்துடுச்சே!’ என்று திகைக்கும் மாணவர்கள் ஏராளம். அரியர் பட்டியலிலும் இதற்கு ஓர் இடம் உண்டு.

பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் பாடம் அல்ல, படிக்கும் முறை. ஃபார்முலாவை மனப்பாடம் செய்வது, பழைய கேள்வித்தாளில் இருக்கும் அட்டவணையை எடுத்துக் கால்குலேட்டரில் தட்டுவது, விடையைக் கட்டம் கட்டுவது, அடுத்த கணக்குக்குப் போவது. அந்த விடை என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். பயன்பாட்டுப் புள்ளியியலில் கூட்டலும் பெருக்கலும் சின்னப் பகுதி. ஓர் எண்ணை நம்புவதற்கு முன் அதனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் பெரிய பகுதி. அந்தப் பாடத்தின் முக்கியமான ஐந்து இடங்களை, ஃபார்முலா இல்லாமல் ஒரு சுற்று சுற்றி வருவோம்.

1. நடுவை மட்டும் பார்த்தால் போதாது

உங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பஸ் ரூட்கள். ஐந்து நாள்கள் நேரம் குறித்துப் பார்க்கிறீர்கள். முதல் பஸ்: 38, 39, 40, 41, 42 நிமிடங்கள். இரண்டாவது பஸ்: 25, 30, 40, 45, 60 நிமிடங்கள். இரண்டுக்கும் சராசரி 40தான். மீடியனும் 40தான். ஆனால், செமஸ்டர் எக்ஸாம் அன்று எந்த பஸ்ஸில் ஏறுவீர்கள்?

உங்கள் மனம் சட்டென்று முதல் பஸ்ஸைச் சொல்கிறது அல்லவா? அப்படியென்றால் திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தூரம் சிதறிக்கிடக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் அது. முதல் பஸ்ஸுக்கு சுமார் 1.6 நிமிடம், இரண்டாவதற்கு சுமார் 13.7 நிமிடம்.

இதைக் கணக்கிடும்போது எல்லா மாணவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐந்து நாள் தகவல் இருக்கும்போது ஏன் நான்கால் வகுக்கச் சொல்கிறார்கள்? இரண்டாவது பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியான 40லிருந்து ஒவ்வொரு நாளும் விலகிய தூரம்: -15, -10, 0, 5, 20. கூட்டிப் பாருங்கள், பூஜ்யம் வரும். எப்போதும் பூஜ்யம்தான் வரும். எனவே, நான்கு விலகல்கள் தெரிந்தால் ஐந்தாவது தானாகவே தெரிந்துவிடும். அதாவது, சுதந்திரமான தகவல்கள் நான்குதான். தவிர, அதே ஐந்து நாள்களிலிருந்து எடுத்த சராசரியை வைத்தே அளப்பதால், சிதறல் நிஜத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். நான்கால் வகுப்பது அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது. ‘டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்’ என்று மிரட்டும் பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

2. ஒரு பானை சோறும் ஒரு கோடி கார்டும்

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் பாட்டிகளின் புள்ளியியல். மொத்தப் பானையையும் தின்று பார்க்க வேண்டியதில்லை. ஆனால், அடியில் குழைந்து மேலே வேகாமல் கிடக்கும் பானையில் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். கிண்டிவிட்டு எடுக்க வேண்டும். பருக்கைகளின் எண்ணிக்கையைவிட, கிண்டிவிடுவதே முக்கியம்.

1936ல் அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை இந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டா, லாண்டனா என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்கு கார்டு அனுப்பியது. சுமார் 24 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். லாண்டன் சுலபமாக ஜெயிப்பார் என்று பத்திரிகை அடித்துச் சொன்னது. நடந்தது தலைகீழ். அன்றிருந்த 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். கார்டு அனுப்புவதற்கான முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரிகளிலிருந்தும் கார் வைத்திருப்பவர்களின் பட்டியல்களிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரம் சரிந்து கிடந்த அந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். தவிர, கார்டு கிடைத்தவர்களில் நான்கில் ஒருவர்தான் பதில் போட்டார். பதில் போட மெனக்கெட்டவர்களும் சும்மா இருந்தவர்களும் ஒரே மாதிரி நினைப்பவர்களாக இருக்கவில்லை. அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப், அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார்.

சரியாகக் குலுக்கி எடுத்தால் எவ்வளவு பேர் போதும்? 1,000 பேரிடம் கேட்டாலே, அப்படி நடத்தப்படும் 20 கணிப்புகளில் சுமார் 19, உண்மையான சதவிகிதத்துக்கு 3 புள்ளிகள் முன்பின்னாக வந்துவிடும். ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சமா, ஒரு கோடியா என்பது பெரிய வித்தியாசம் செய்யாது. கிண்டிவிட்ட சாம்பார் சட்டியில் இருந்தாலும் அண்டாவில் இருந்தாலும் ருசி பார்க்க ஒரு கரண்டி போதும் இல்லையா? ஆனால், அந்த 3 புள்ளிப் பிழையைப் பாதியாக்க வேண்டும் என்றால் 2,000 பேர் போதாது, 4,000 பேர் வேண்டும்.

இந்த விஷயத்தில் இந்தியாவுக்கு உலக அளவில் மரியாதை உண்டு. 1931ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி.மஹலனோபிஸ், வங்காளத்தின் சணல் விளைச்சலை மாதிரி ஆய்வு மூலம் கணக்கிட்டுக் காட்டியவர். 1950ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கும் அவரே அடித்தளம். அவர் பிறந்த ஜூன் 29ஐத்தான் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

3. நுங்கு விற்பனையும் கரன்ட் பில்லும்

ஒரு வருடம் முழுக்க இரண்டு தகவல்களைச் சேகரிக்கிறீர்கள். தெருமுனையில் எவ்வளவு நுங்கு விற்றது, உங்கள் வீட்டு கரன்ட் பில் எவ்வளவு வந்தது. நுங்கு அதிகம் விற்ற மாதங்களில் பில்லும் எகிறியிருக்கும். இரண்டுக்கும் ஒட்டுறவு, அதாவது கோரிலேஷன் பலமாக இருக்கும். அதற்காக நுங்கு விற்பவரைப் போகச் சொன்னால் பில் குறையுமா? இரண்டையும் ஏற்றிவிட்டது வெயில்.

நுங்கு உதாரணத்தில் சிரித்துவிடுகிறோம். ஆனால், ‘டியூஷன் போகும் பிள்ளைகள் மார்க் குறைவாக எடுக்கிறார்கள்’ என்று ஒரு தகவல் வந்தால்? டியூஷனால் மார்க் குறைந்ததா, மார்க் குறைவாக எடுப்பவர்களைத்தான் டியூஷனுக்கு அனுப்புகிறோமா? ‘காலை உணவு சாப்பிடும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்’ என்றால்? சாப்பாடுதான் காரணமா, அல்லது காலையில் சமைத்துப்போட ஆள் இருக்கும் வீட்டின் மற்ற வசதிகளா? இரண்டுமே இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வாளர்கள் பாடுபடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் ‘ஆய்வில் நிரூபணம்!’ ஃபார்வர்டுகளைத் திறக்கும்போது, இதில் வெயில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு தடவை தேடுங்கள்.

4. எட்டு டம்ளர் காபி

மாணவர்களை அதிகம் பயமுறுத்துவது கருதுகோள் சோதனை. ‘ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங்’, ‘பி வேல்யூ’ என்ற பெயர்களைக் கேட்டாலே பலருக்கும் தலை சுற்றும். இதை அடுப்படியிலேயே செய்து பார்க்கலாம்.

‘பாலை முதல்ல ஊத்தினியா, டிகாக்‌ஷனை முதல்ல ஊத்தினியான்னு ஒரு வாய் குடிச்சாலே சொல்லிடுவேன்’ என்கிறார் வீட்டுப் பெரியவர் ஒருவர். நம்புவதா, வேண்டாமா? எட்டு டம்ளர் எடுங்கள். நான்கில் பால் முதலில், நான்கில் டிகாக்‌ஷன் முதலில். சூடு, சர்க்கரை, டம்ளர் எல்லாம் ஒன்றுபோல இருக்கட்டும். எந்த வரிசையில் தருவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பால் முதலில் ஊற்றிய நான்கு டம்ளர்களை அவர் எடுத்துக்காட்ட வேண்டும்.

எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க மொத்தம் 70 வழிகள். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் முழுக்கச் சரி. ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாக எடுப்பவர் நான்கையும் சரியாகச் சொல்ல 70ல் ஒரு வாய்ப்பு, அதாவது சுமார் 1.4 சதவிகிதம். பெரியவர் நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டால், ‘வெறும் அதிர்ஷ்டம்’ என்று தள்ளிவிடுவது கஷ்டம். மூன்றுதான் சரி என்றால்? குத்துமதிப்பாகவே மூன்றோ அதற்கு மேலோ சரியாக வர 70ல் 17 வாய்ப்பு, சுமார் 24 சதவிகிதம். நான்கு பேர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஒருவருக்கு இப்படி அமைந்துவிடும். எனவே, மூன்றை வைத்து அவருக்குப் பட்டம் கொடுக்க முடியாது.

இதுதான் பி வேல்யூ. ‘விஷயமே இல்லை, எல்லாம் தற்செயல்’ என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். அது உண்மையானால், கையில் இருக்கும் முடிவோ அதைவிட அதிசயமான முடிவோ வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிறோம். ‘பெரியவர் சொல்வது பொய்யாக இருக்க 1.4 சதவிகித வாய்ப்பு’ என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேர்வில் பலரும் மார்க் இழப்பது இந்த இடத்தில்தான். 5 சதவிகிதம் என்ற எல்லைக்கோடும் ஒரு வழக்கம்தான், இயற்கையின் விதி கிடையாது.

காபிக்குப் பதில் டீயை வைத்து, இதே எட்டுக் கோப்பைச் சோதனையை 1935ல் தன் புத்தகத்தில் எழுதியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அவருடன் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, பால் முதலில் ஊற்றினார்களா என்று தன்னால் சொல்ல முடியும் என்றதுதான் அதற்கு வித்து என்பார்கள். பாடப்புத்தகத்தில் ‘ஸ்டூடன்ட்’ஸ் டி டெஸ்ட்’ என்று வருகிறதே, அதுவும் ஒரு பானத்திலிருந்து வந்ததுதான். அயர்லாந்தின் கின்னஸ் பீர் நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் காசெட், குறைந்த எண்ணிக்கையிலான சாம்பிள்களை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று யோசித்துக் கண்டுபிடித்தார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால், 1908ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். 30 பேரை மட்டும் வைத்து புராஜெக்ட் செய்யும் இன்றைய மாணவர்களைக் காப்பாற்றுவது அவர்தான்.

5. ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்...

நிகழ்தகவு பாடத்தில் வரும் பேயஸ் தேற்றத்தை, ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தின் கண்ணால் பாருங்கள். 1,000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டறியும் ஆரம்பநிலை டெஸ்ட், நோய் உள்ள 10 பேரில் 9 பேரைச் சரியாகப் பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களிலும் 100க்கு 9 பேருக்குத் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டிவிடும்.

1,000 பேருக்கும் டெஸ்ட் எடுத்தால்? நோய் உள்ளவர்களில் 9 பேருக்குப் பாசிட்டிவ். நோய் இல்லாத 990 பேரில் சுமார் 89 பேருக்கும் பாசிட்டிவ். ஆகமொத்தம் 98 பேர் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 9 பேர்தான், அதாவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஆரம்பநிலை டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தால், டாக்டர் அடுத்த டெஸ்ட் எழுதித் தருவது இதனால்தான். அதுவரை இடிந்துபோக வேண்டியதில்லை. அடுத்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடவும் கூடாது, அந்த 9 பேரில் ஒருவராகவும் இருக்கலாம்.

சதவிகிதத்தில் குழம்பினால், இப்படி ‘1,000 பேர்’ என்று ஆள்களாக மாற்றி எழுதிப் பாருங்கள். பேயஸ் தேற்றக் கணக்குகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இட்டு நிரப்பும் புராஜெக்ட்கள்

கற்ற புள்ளியியலைப் பயன்படுத்திப் பார்க்கக் கல்லூரி தரும் பெரிய வாய்ப்பு, கடைசி வருட புராஜெக்ட். கேள்வித்தாள் தயாரித்து, 100 பேரிடம் பதில் வாங்கி, சதவிகித அட்டவணை போட்டு, கை-ஸ்கொயர் டெஸ்ட் செய்து பைண்டிங் போடுவது வழக்கம். இதில் சிலர் செய்யும் காரியம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். தேதி நெருங்கியதும் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டு மூன்று பேனாக்களில் 100 கேள்வித்தாள்களையும் தாங்களே நிரப்பிவிடுவது!

மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நினைக்கிறார்கள். ஒரு விளையாட்டு சொல்கிறோம். வகுப்பில் பாதிப் பேர் நிஜமாகவே ஒரு நாணயத்தை 100 முறை சுண்டி, பூவா தலையா என்று எழுதட்டும். மீதிப் பேர் சுண்டாமல் கற்பனையாக எழுதட்டும். எந்தத் தாள் எந்த ரகம் என்று ஆசிரியர் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். எப்படி? நிஜமாகச் சுண்டிய 100ல் எங்காவது ஓரிடத்தில் ஒரே பக்கம் தொடர்ந்து ஐந்து முறையாவது விழுந்திருக்கும். அப்படி இல்லாமல்போவது அபூர்வம். கற்பனையாக எழுதுபவரின் கையோ மூன்று, நான்கு பூ வந்ததும் ‘போதும்’ என்று தலைக்குத் தாவிவிடும். நிஜத்தின் ஒழுங்கின்மையை மனித மனத்தால் அவ்வளவு எளிதில் நடிக்க முடியாது.

100 பேர் கிடைக்கவில்லையா? 35 பேரிடம் நேர்மையாகக் கேளுங்கள். ‘இவர்கள் என் கல்லூரியில் எனக்குத் தெரிந்தவர்கள், எனவே இந்த முடிவு மொத்த மாவட்டத்துக்கும் பொருந்தாது’ என்று அறிக்கையில் ஒரு வரி சேருங்கள். புள்ளியியல் தெரிந்த ஒருவர் படித்தால், இட்டு நிரப்பிய 100ஐவிட அந்த 35ஐத்தான் மதிப்பார். நாளை ஒரு மருந்து நிறுவனத்திலோ வங்கியிலோ அரசுத் திட்டத்திலோ இவர்கள் எழுதப்போகும் எண்களை வைத்துத்தான் யாருக்கோ மருந்தும் கடனும் உதவித்தொகையும் முடிவாகும். பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

எப்படிப் படிக்கலாம்?

* உங்கள் சொந்த எண்களில் தொடங்குங்கள். 30 நாள்களுக்கு ஏதாவது ஒன்றைக் குறித்து வையுங்கள். பஸ் எத்தனை நிமிடம் லேட், செல்போன் எத்தனை மணி நேரம், தூக்கம் எவ்வளவு. முதல் செமஸ்டரில் வரும் சராசரி, மீடியன், திட்ட விலக்கம், ஒட்டுறவு அனைத்தையும் இந்த ஒரு நோட்டிலேயே பழகிவிடலாம்.

* கணக்குக்கு முன் படம். 1973ல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற பேராசிரியர் நான்கு சிறிய தகவல் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரி, சிதறல், ஒட்டுறவு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், வரைந்து பார்த்தால் ஒன்றில் புள்ளிகள் கோட்டை ஒட்டிச் சிதறிக்கிடக்கும், இன்னொன்று வளைந்துபோகும், மற்றொன்றில் ஒரே ஒரு புள்ளி மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுத்திருக்கும். வரையாமல் கணக்கிட்டால் இது எதுவும் தெரியாது.

* ஒரு முறை கையால், பிறகு கம்ப்யூட்டரில். ஐந்தாறு எண்களை வைத்துக் கையால் ஒரு தடவை போட்டால்தான் ஃபார்முலா என்ன செய்கிறது என்று புரியும். பிறகு எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ், ஆர், ஜமோவி போன்றவற்றில் பழகுங்கள். வேலைக்குப் போன இடத்தில் யாரும் கையால் போடச் சொல்லப்போவதில்லை.

* விடைக்குக் கீழே ஒரு வாக்கியம். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும், ‘இதனால் தெரிவது என்னவென்றால்...’ என்று பேச்சுத்தமிழில் ஒரு வரி எழுதுங்கள். ஃபார்முலா தெரியாத அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அது புரிகிறதா என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் நமக்கும் இன்னும் புரியவில்லை.

* கூச்சப்படாமல் கேளுங்கள். 1940களில் கொல்கத்தாவில் சி.ஆர்.ராவ் என்ற இளம் ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சாம்பிள் மிகப் பெரியதாக இருந்தால் பொருந்தும் ஒரு முடிவை அவர் விளக்கியபோது, ‘சாம்பிள் சிறியதாக இருந்தாலும் இது பொருந்துமா?’ என்று ஒரு மாணவர் கேட்டார். அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போன ராவ், அன்றிரவே விடையைக் கண்டுபிடித்தார். 1945ல் வெளியான அந்த முடிவு, இன்று உலகெங்கும் பாடப்புத்தகங்களில் ‘கிராமர்-ராவ்’ என்று இருக்கிறது. 2023ல் தன் 102வது வயதில் புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றார் ராவ். கேள்வி கேட்ட மாணவர் வி.எம்.தாண்டேகர், பின்னாளில் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் ஆனார்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு...

பள்ளியில் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் இந்தப் பாடத்தைச் சந்திக்கும்போது, தெரிந்த விஷயமே தெரியாததுபோல் மிரட்டும். பத்தாம் வகுப்பிலேயே போட்ட திட்ட விலக்கம்தான் ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ என்பது பலருக்கு மாதக்கணக்கில் உறைப்பதில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு ஜோடிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். முழுமைத் தொகுதி – பாப்புலேஷன். மாதிரி – சாம்பிள். இடைநிலை அளவு – மீடியன். முகடு – மோட். நிகழ்தகவு – ப்ராபபிலிட்டி. ஒட்டுறவு – கோரிலேஷன். கருதுகோள் – ஹைப்பாதிசிஸ். இப்படி 40 சொற்கள் சேர்ந்தால் முதல் இரண்டு செமஸ்டர்களின் கதவு திறந்துவிடும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ புள்ளியியல் புத்தகங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. கல்லூரிப் பாடத்தை அவற்றோடு அருகருகே வைத்துப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலைக்கு உதவுமா?

நிச்சயமாக. புள்ளியியலைப் பாடமாகக் கொண்ட பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி-யிலும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்குத் தேர்வு உண்டு. இன்சூரன்ஸ், மருந்துப் பரிசோதனை, மார்க்கெட் ஆய்வு, வங்கித் துறைகளிலும் தேவை இருக்கிறது. டேட்டா சயின்ஸ் என்று எல்லோரும் ஓடுகிறார்களே, அதன் அஸ்திவாரமும் இதுதான். சென்னை ஐ.ஐ.டி நடத்தும் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் அடிப்படை நிலையிலேயே புள்ளியியலுக்கு இரண்டு பாடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்கும் இந்தப் பாடம் வீண் இல்லை. நர்ஸாகப் போகிறவர் ஒரு மருந்தின் பலன் பற்றிய அறிக்கையைப் படிப்பார். கடை வைப்பவர் எந்தச் சரக்கு எவ்வளவு வாங்குவது என்று யோசிப்பார். பெற்றோர் ஆனதும் பிள்ளையின் ரேங்க் கார்டைப் பார்ப்பார். எங்கே எண் வந்தாலும் கேட்க வேண்டியவை இவைதான்: எத்தனை பேரிடம் எடுத்தது? அவர்களை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? சராசரி மட்டுமா, சிதறலும் தெரியுமா? எதோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறார்கள்?

இந்த செமஸ்டரில் புள்ளியியல் அரியர் வைத்திருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், திட்டுவதற்கு முன் சாயங்காலம் எட்டு டம்ளர் காபி போட்டு வையுங்கள். கணக்கை அவரே போட்டுச் சொல்லட்டும்!